இன்றைக்கு வேட்டை நான்

கறுப்புக் கோட்டு இல்லையா, பரவாயில்லை.
வின்னிஃப்ரெட் போன வருஷம்
தபால் பட்டுவாடா மழைக்கோட்டோடு வந்தாள்.
குதிரையும் இரவல்தான். டம்ப்ளிங் என்று பெயர்.
வேலியைக் கண்டால் யோசிக்கும்,
பிறகு புல் மேயும்.

ஷ்ராப்ஷயரில் காலை ஒன்பது மணி.
உழுத மண்ணை விட்டு உறைபனி இன்னும் எழுந்திருக்கவில்லை.
நரி இல்லை, முயல் இல்லை,
துரத்தப்படுகிறவன் நான்.
பல் டாக்டர். வயது நாற்பத்தொன்பது.
இடது முழங்கால் அவ்வளவாகச் சொன்னபடி கேட்காது.

இருபது நிமிஷம் முன்னால் விடுவார்கள்.
ஓடை தாண்டி, டர்னிப் வயலைச் சுற்றி,
ஆட்டு மந்தைக்குள் புகுந்து குழப்பிவிட்டு ஓடுவேன்.
என் பழைய காலுறையை மோந்துவிட்டு
பதினொரு ப்ளட்ஹவுண்டுகள்
குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை,
வேறு ஏதோ ஒன்று செய்யும்.
அதற்கு என்னிடம் சொல் இல்லை.
கேட்கத்தான் உன்னைக் கூப்பிடுகிறேன்.

விழுவாய்.
இங்கே விழாதவர் யாருமில்லை.
சேற்றில் கிடந்தபடியே கேள்:
சரிவு நெடுக என் பெயரை
மூக்கால் எழுத்துக்கூட்டிக்கொண்டு வருகின்றன.

கடைசியில் அகப்படுவேன். அகப்பட்டே ஆகவேண்டும்,
சட்டைப்பையில் பாலாடைக்கட்டி இருக்கிறதே.
காதுமடல் வரைக்கும் எச்சில்.
நீ வந்து சேருமட்டும்
முகத்தைத் துடைக்காமல் நிற்பேன்.