உப்பிட்டவர் சுவர்

கீழக்கரை டிரஸ்ட் ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் பிரிவு.
வாசல் தாண்டியதும் வலப்பக்கச் சுவர்,
பதினாறடிக்கு ஒன்பதடி.
அளந்து முடிப்பதற்குள்
டேப்பின் நுனி பிசுபிசுத்தது.

செயலாளர் ஜெயினுலாப்தீன்
செல்போனில் ஒரு படம் காட்டினார்:
மரம்.
பெரிய தொகை அடிமரம், நடுத்தரம் கிளை,
மற்றவர்கள் இலை.
இதே மரத்தை மதுரையில் மூன்றுமுறை நட்டிருக்கிறேன்.
அதைச் சொல்லவில்லை.
"இந்த ஊர்க் காற்றுக்கு இலை நிற்காது சார்."
பாதி உண்மை.

பித்தளை இங்கே ஆறே மாதத்தில் பச்சை பூக்கும்.
சாதா ஸ்டீல் ஆணி தீபாவளிக்கு அடித்தால்
பொங்கலுக்குச் சுவரில் பழுப்புக் கோடு இழுக்கும்.
சுட்ட மண் தகடு என்று முடிவானது,
ஆளுக்கு ஒன்று, எல்லாம் ஒரே அளவு
(இந்த ஒரே அளவுக்கு மூன்று கூட்டம் நடந்தது).
திருகாணி மட்டும்
படகுச் சாமான் கடையில் வாங்கினேன்.

தலைப்பு அவர் கொடுத்தது:
'உப்பிட்டவரை உள்ளளவும் நினை.'
ஒரு முழ உயர எழுத்தில்.

மாதிரியைத் தாளில் அடித்து ஒட்டிய அன்று
கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம்
நாலாம் கட்டிலில் ஒருவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.
குழாய் ஆடுது, ஆடுது என்று நர்ஸ் ஓடினாள்.
மூக்கையூர் ஜெர்வாசியஸ்,
முன்பு விசைப்படகு டிரைவர்.
செவ்வாய், வியாழன், சனி; நாலு நாலு மணி நேரம்.
"கருவாட்டுல கைவைக்காதன்னு என்னைய இங்க படுக்கப் போட்டுட்டு
எதுக்கால உப்புன்னு எழுதுறிய தங்கச்சி."

அன்றிரவே தலைப்பை எடுத்தேன்.
செயலாளர் ஒரு வாரம் பேசவில்லை.

அடுத்த செவ்வாய் கூப்பிட்டார்:
"பன்னெண்டாவது வரி, கமருன்னிஸா.
நீ ஷா போட்டிருக்க."
எப்படித் தெரியும்?
"ஃபேனு சுத்துறத எண்ணி முடிச்சாச்சு.
இனி படிக்க இதுதான் இருக்கு."

கொடுத்தவர்களுக்காக என்றுதான்
அதுவரை நினைத்து வரைந்துகொண்டிருந்தேன்.
அவர்கள் வருவது ஒருநாள், ஒரு போட்டோ.
பிறகு எழுத்தைப் பத்தங்குலம் இறக்கினேன்,
படுத்த கண்ணுக்கு.

'சின்ன ஏர்வாடி பாசி மகளிர், 42 பேர், ரூ. 6,318'
என்று ஒற்றை வரி இருந்தது.
"நாப்பத்திரண்டு பேரு ஒரு தகட்டுலயா?
படகுலயே அத்தன பேர ஏத்த மாட்டான்."
கேட்டனுப்பினேன்.
பள்ளிக்கூட நோட்டில் வந்தது பட்டியல்.
முனியாயி மூவர்.
பிரித்துக் காட்டச் சொன்னதற்கு
கல்லுமுட்டி முனியாயி,
கெட்ட முனியாயி,
வெறும் முனியாயி.
அப்படியே சுட்டேன். அவர்கள் கேட்டது அதுதான்.

இரண்டு மெஷின் தந்த ஒருவர்
பெயர் போட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பேன் என்றார்.
அவருக்கும் ஒரு தகடு வைத்தேன், எழுத்தில்லாமல்.
"எழுதாததுக்கும் அதே ரேட்டா?" என்றார் செயலாளர்
பில்லைப் பார்த்து.
அதற்கும் திருகாணி நாலு சார்.

திறப்பு விழாவுக்குப் பாசிக்காரிகள் வரவில்லை,
அன்றைக்கு நல்ல வத்தம்.
சாயங்காலம் ஈரச்சேலையோடு வந்தார்கள்.
தரை நனைகிறதென்று வாட்ச்மேன் சத்தம் போட்டார்.
கெட்ட முனியாயி
பாறை கிழிக்காமலிருக்க விரலில் சுற்றிய துணியை
அவிழ்க்காமலே தடவித் தடவிப் போனாள்,
தன் பெயர் எதுவென்று யாரையும் கேட்காமல்.

ஏழு மாதம் கழித்து நர்ஸ் அனுப்பிய படம்:
வெறுந்தகட்டின் கீழே ஒரு பழுப்புக் கோடு.
படகுத் திருகாணிதான். இருந்தும்.
கூடவே ஜெர்வாசியஸ் குரல்,
பின்னால் மெஷின் பீப் பீப்:
"இருவத்தேழாவது வரியிலயும் ஒரு தப்பு இருக்கு தங்கச்சி.
அப்பவே பாத்துட்டேன்.
எல்லாத்தையும் சொல்லிட்டா
அப்பறம் நான் எதப் படிச்சுக்கிட்டுக் கெடக்க?"

இருபத்தேழாவது வரியை
இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.