நூற்றியெண்பது ரூபா

தேனுஜாவின் போன வருசக் கணக்குக் கொப்பியில்
மிஞ்சிக் கிடந்த தாள்களில்தான்
எங்கள் வீட்டு வரவு செலவு.
மேலே அவள் கோணம் அளந்த பென்சில் கோடு,
கீழே என் பருப்பு அரைக்கிலோ.

செவ்வாய்க்கிழமை லோன் தம்பி வருவார்.
ஹெல்மட்டைக் கழற்றாமலே காசை எண்ணுவார்.
நான் கட்டாவிட்டால் இதயராணி அக்கா கட்ட வேணும்,
அவ கட்டாவிட்டால் நான்.
அதனால் ஆளையாள்
மீன்சட்டியைப் பார்த்துக்கொள்கிறோம்.
சாளையைத் தவிர வேறெது மணத்தாலும்
மற்றவளுக்கு நெஞ்சிடி.

இன்னும் பதினாலு கிழமை.
மழை பிடித்தால் இவருக்கு மேசன் வேலை இல்லை.
கார்த்திகையில் எதை வெட்டுவதென்று
இப்பவே ஒரு தாள் ஒதுக்கியிருக்கிறேன்:
மா, மண்ணெண்ணெய், மகளின் டியூசன்.
டியூசனை எழுதி, வெட்டி,
திரும்ப எழுதியிருக்கிறேன்.

இன்றைக்குக் கணக்கில் நூற்றியெண்பது இடிக்குது.
மூன்று தரம் கூட்டியாச்சு.
எங்கே போனதென்று எனக்குத் தெரியும்.
டவுனில் அடைவு வைத்த காப்புக்கு வட்டி கட்டிவிட்டு,
ஆரையம்பதி பஸ்ஸுக்கு வெயிலில் நின்றவள்
பக்கத்துக் கடையில் ஏறி
ஒரு பலூடா குடித்தேன்.
பல்லிடுக்கில் நின்ற கசகசாவை
கல்லடிப் பாலம் கடக்கும் மட்டும்
நாக்கால் தேடிக்கொண்டு வந்தேன்.

மருந்தென்று எழுதினால் யாருக்கென்று இவர் கேட்பார்.
பஸ் என்றால் அவ்வளவு வராது.
எனக்கென்று ஒரு நிரல்
இந்தக் கொப்பியில் நான் கீறவே இல்லை.

எழுதாத பேனையை உதறி உதறி
வட்டி என்றே எழுதினேன்.
அசல் அப்படியே கிடக்கிறது.