இழுப்பறைக்குள் எழுதியது

இரவு ஒன்றே முக்காலுக்குத்
திரையில் ஒரே ஒரு சொல்:
கொல்லப்பட்டது.
யார், ஏன் என்று இல்லை.
பனி வரைபடம் வரைந்துகொண்டிருந்த நிரல்
அறுபத்தெட்டு விழுக்காட்டில் செத்துக் கிடந்தது.

ஊலாங்கோம், வானிலை அலுவலகம்.
வெளியே மைனஸ் நாற்பத்தொன்று.
உள்ளே நான், ஒரு ஹீட்டர்,
எட்டு ஜிபி ரேமோடு ஒரு லினக்ஸ் பெட்டி.
ஸ்வாப்: பூஜ்யம்.
எட்டு போதாதா என்று
போன இலையுதிர்காலத்தில்
என்டர் தட்டியது இந்த விரல்தான்.

எனக்கு முன் இங்கிருந்த பூந்த்சாக்
மேசை இழுப்பறையின் உட்பக்கம்
பேனாவால் கிறுக்கியிருக்கிறார்:
ரேம் எவ்வளவோ, அதில் இரு மடங்கு.
அவர் காலத்து ரேம் அறுபத்து நான்கு எம்பி.
இரு மடங்கு என்றாலும் ஒரு கைப்பிடி.

நேற்று மாலை தம்தின்சுரேன் போனில் கேட்டார்,
பனி எந்தப் பக்கம் இறங்கும், மேற்கா தெற்கா.
"வைக்கோல் நானூறு ஆட்டுக்கு.
ஆடு அறுநூற்றுப் பத்து.
விடிவதற்குள் சொல்,
நோஞ்சான்களைப் பிரித்துவிடுகிறேன்."

இடம் தீர்ந்தால் கர்னல்
ஆகக் கொழுத்ததாய்ப் பார்த்துக் கொல்லும்.
அவர் மெலிந்ததிலிருந்து தொடங்குவார்.
எது நியாயம் என்று யோசிக்க
எனக்கு நேரமில்லை.

கோடையில் ஏரிப் பக்கம் பெயரும்போது
கனத்த அடுப்பை, மூன்றாவது கம்பளியை
குளிர்கால முகாமின் கொட்டகையில்
போட்டுவிட்டுத்தான் போவார்கள் இங்கே.
வேண்டுமென்றால் எடுத்து வரலாம்;
குதிரையில் போய்வர ஒரு பகல்.
ஸ்வாப் அவ்வளவுதான்.
கொட்டகை எத்தனை பெரிதானாலும்
அதில் குடித்தனம் நடக்காது.
ஆனால் கொட்டகையே இல்லாதவன்
அடுப்பை நடுவழியில் எறிய வேண்டும்.

வட்டில் நான்கு ஜிபிக்கு ஒரு கோப்பு வெட்டினேன்.
வேறெவரும் எட்டிப் பார்க்காதபடி பூட்டி
ஸ்வாப் என்று முத்திரை குத்தித்
திறந்துவிட்டேன்.
மறுபடி முதலிலிருந்து.

அறுபது.
அறுபத்தைந்து.
பழைய வட்டு
பல்லைக் கடித்தது.
மவுஸை அசைத்தால்
மூன்று மூச்சு கழித்து அம்பு நகர்ந்தது.
அறுபத்தெட்டு.
உப்புத் தேநீரில் ஆடை கட்டியது.
அறுபத்தெட்டு.
எழுந்து நடந்தேன், ஜன்னல் பனியைச் சுரண்டினேன்,
திரும்பிப் பார்க்கவே பயம்.
அறுபத்தொன்பது.

ஐந்தே காலுக்கு வரைபடம் வந்தது.
"மேற்கு," என்றேன்.
"மேற்கா," என்றார்.
பின்னால் நாய் குரைத்தது.
வைத்துவிட்டார்.
எத்தனை என்று நான் கேட்கவில்லை.

எட்டு மணிக்கு மின்சாரம் போகும்; அட்டவணை அப்படி.
எதையும் மறக்காமல் இந்தப் பெட்டி உறங்க
ரேமில் உள்ளதையெல்லாம் இறக்கிவைக்க வேண்டும்.
அதற்கு ஓர் எட்டு.
ஓட நான்கு, உறங்க எட்டு.

விரலுக்கேற்ற வீக்கம் என்பது சரிதான்;
விரல்தான் வருஷத்துக்கு வருஷம் பருக்கிறது.

பூந்த்சாக்கின் வரிக்குக் கீழே
பன்னிரண்டு என்று எழுதினேன்.
பக்கத்தில் மறக்காமல் தேதி,
அடுத்து வருபவர்
சிரிப்பதற்கு வசதியாக.