மைக்ரான் கணக்கு

அவ்தோவுக்குக் கை கொடுக்கும் முன்
பானெட்டில் கை வைத்தேன்.
வெதுவெதுப்பு.
காலை எட்டரை. ருஸ்தாவி சந்தைவெளியில்
மற்ற வண்டிகளெல்லாம் உறைபனி போர்த்திக் கிடக்க
இது மட்டும் எழுந்து பல் துலக்கியிருந்தது.
குளிர்ந்த என்ஜின் முதல் மூச்சில் உளறிவிடும்.
அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

கார் விற்பவன் பெயர் அவ்தோ.
ஞானஸ்நானப் பெயரே அதுதானாம்.
தாரேஜான் சிரிக்கவில்லை.
கம்பளிக் குல்லாய்க்குள் காதுகளைத் தள்ளிக்கொண்டு
வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தாள்.
விவாகரத்தான நாலு வருஷத்தில்
அவள் என்னைக் கூப்பிட்டது இதற்குத்தான்.
"உனக்குத்தானே கார் தெரியும்."

ஜெர்மன் வண்டி. நாலு கதவு, குட்டை வால்,
கரியில் நீலம் குழைத்த நிறம்.
அமெரிக்காவில் ஏலம் போய்க் கப்பலேறி
போத்தித் துறைமுகத்தில் இறங்கியது.
எண்பதாயிரம் மைல் என்கிறது மீட்டர்.
ஸ்டியரிங்கின் தோலோ
பத்து மணி, இரண்டு மணி இருக்கும் இடங்களில்
பழஞ்செருப்பு மாதிரி வழவழக்கிறது.

பூச்சு அளக்கும் கருவியை எடுத்தேன்.
முன் கதவு, நூற்றுப் பத்து மைக்ரான்.
கூரை, நூற்றைந்து.
பின் வலக் கதவு,
அறுநூற்று நாற்பது.
"சின்னக் கீறல்" என்றான் அவ்தோ.
கீறலுக்கு யாரப்பா இவ்வளவு பட்டி பார்ப்பார்கள்?
டயர் நாலும் நாலு கம்பெனி,
பாகம் பிரித்த பங்காளிகள் போல
ஆளுக்கொரு பக்கம் தேய்ந்து.

சாவியைத் திருப்பினேன்.
ஏர்பேக் விளக்கும் ஆயில் விளக்கும்
ஒரே நொடியில் அணைந்தன.
அப்படி அணையாது. அணையக் கூடாது.
ஒன்றின் வாலை மற்றதில் முடிந்திருக்கிறார்கள்.
ஏர்பேக் இருக்கவேண்டிய இடத்தில் என்ன இருக்கிறதோ
கடவுளுக்கும் அவ்தோவுக்கும்தான் வெளிச்சம்.

கடைசியாக சீட் பெல்ட்.
எல்லோரும் ஒரு முழம் இழுத்து விட்டுவிடுவார்கள்.
நான் இழுத்தேன், இழுத்தேன்,
சுருளின் அடிவயிறு வரை இழுத்தேன்.
அங்கே இருந்தது
பழுப்பாய் ஒரு கோடு, விரல்பட்டால் உதிரும் வண்டல்.
பெயர் தெரியாத ஊரின் ஏதோ ஓர் ஆறு
இதுவரை ஏறி வந்து
கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது.

அவ்தோ பக்கத்திலேயே நின்றான். பேசவில்லை நான்.

"ஓட்டிப் பார்க்கிறேன்" என்றாள்.

கார்தபானி சாலை. இருபுறமும் காய்ந்த சோளத்தட்டை.
இரண்டாம் கியரில் அவள் மிதித்தபோது
முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.
வளைவில் வண்டி சாயவில்லை,
பென்சில் கோடு கிழிப்பது போல் திரும்பியது.
ஐயோ, என்ன வண்டி!
நீரில் மூழ்கி, நெளிந்து, ஒட்டுப்போட்டு,
பொய் விளக்கு மாட்டிக்கொண்டும்
ஓடும் ஆசை மட்டும் துருப்பிடிக்காத வண்டி.
தாரேஜான் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகிறது.
வாயில் இருந்த கணக்கெல்லாம்
ஒவ்வொன்றாய்ப் பின்னால் உதிர்ந்துகொண்டே வந்தது.
சொல்லாமல் விட்டால்தான் என்ன?

பெட்ரோல் பங்கில் திருப்பும்போது சொல்லிவிட்டேன்.
"வெள்ளத்தில் கிடந்தது. வாங்காதே."

"தெரியும்" என்றாள்.
"நேற்றே தனியாக வந்து பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன்."

"பிறகு நான் எதற்கு?"

இண்டிகேட்டர் டிக் டிக்கென்று
கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தது.
"நீ சொல்வாயா என்று பார்க்க."

நாலு வருஷம் முன்பு நான் சொல்லாமல் விட்டது
ஒன்று உண்டு.
அதை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

சாவியைத் திருப்பிக் கொடுத்ததும்
அவ்தோ இருநூறு டாலர் குறைத்தான்,
பிறகு நானூறு,
பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால்
எங்கள் குலத்தையே குறைத்தான்.

திபிலிசிக்கு மினி பஸ்.
என் டிக்கெட்டையும் அவளே எடுத்தாள்,
கூலியில் கழித்துக்கொள்வதாகச் சொல்லி.
ஜன்னலோரம் தூங்கிப்போனாள்.
பொழுது போகாமல்
பஸ்ஸின் கதவில் கருவியை வைத்துப் பார்த்தேன்.
எண்ணே வரவில்லை.
அளவு கடந்துவிட்டது என்று
ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் மினுக்கியது.
பஸ் பாட்டுக்கு மேடேறிக்கொண்டிருந்தது.