மீன் பாதி, ஆடை பாதி

அக்ராவில் செவ்வாய்க்கிழமை
கடலுக்கு ஓய்வு. யாரும் படகு இறக்குவதில்லை.
அன்றைக்குக் கடல் தன் பிள்ளைகளை
எண்ணிப் பார்க்கும் என்பார்கள்.
எங்களுக்குச் செவ்வாய், வெறுவாய்.

ஒகாய்த்தே மணலில் உட்கார்ந்து
வலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறான்.
நேற்றைய பாடு:
நெத்திலி முக்கால் கூடை,
ஒற்றைக்கால் ஜீன்ஸ் மூன்று,
பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டை,
யார் கல்யாணத்துக்கோ தைத்த வெள்ளைக் கையுறை, ஒரு கைக்கு மட்டும்,
பிறகு அந்தச் சுருள்:
முறுக்கி முறுக்கி மலைப்பாம்பாய்த் திரண்ட
சட்டைக் கைகள், எத்தனை பேருடையவையோ.

ஆள் பாதி ஆடை பாதி.
எங்கள் வலையில் மீன் பாதி.

நான் துணிக்காரி.
கந்தமாந்தோ சந்தையில், கூரை ஒழுகும் மூலையில் கடை.
வியாழன் விடியலில்
மேமுனாத்து தலையிலிருந்து இறங்கும் பொதி, ஐம்பத்தைந்து கிலோ.
கட்டியிருக்கும் பட்டையை வெட்டும் அந்த நொடி
பரீட்சை முடிவு பார்ப்பது மாதிரி.
உள்ளே என்ன இருக்கிறதென்று
கடன் வாங்கிய பிறகுதான் தெரியும்.
பிளந்ததும் மூச்சு விடும் பொதி:
சோப்பு வாசம், அலமாரி வாசம்,
நான் பார்க்காத ஊர்களின் மழை வாசம்.

செத்த வெள்ளைக்காரன் உடுப்பு என்று இதற்குப் பெயர்.
இவ்வளவு நல்ல துணியை
உயிரோடு இருப்பவன் கொடுப்பானா என்று
அந்தக் காலத்தில் நினைத்தார்களாம்.
இப்போது தெரியும், யாரும் சாகவில்லை.
அலுத்துப்போயிருக்கிறது.

மேலே இருப்பது நல்லது. நடுவில் பரவாயில்லை.
அடியில்
அக்குள் மஞ்சளேறியது, ஜிப்பின் பல் கொட்டியது,
இந்த வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு.
அதை என்ன செய்வேன்?
எல்லோரும் செய்வதைத்தான்.
பொழுது சாய்ந்ததும் சாக்கில் கட்டிச் சாக்கடையோரம் வைப்பேன்,
மழை வந்தால் மழை பார்த்துக்கொள்ளும் என்று.

பார்த்துக்கொண்டது.

இதோ, ஒகாய்த்தே கத்தி போட்ட இடத்திலிருந்து
எட்டிப் பார்க்கிறது ஒரு சாம்பல்நிறக் கோட்டு.
மூன்று கறுப்புப் பொத்தான்,
மேலிருந்து இரண்டாவதாக ஒன்று மட்டும் சிவப்பு.
விற்றுவிடலாம் என்று நான் தைத்தது.
நூல் முடிச்சு அவிழவே இல்லை.
இவ்வளவு கெட்டியாக ஏன் தைத்தேன்.

“எவள் வீட்டுச் சனியனோ” என்கிறான்.
இருபது முழம் வலையைத் தின்றிருக்கிறது அந்தச் சுருள்.
“ஆமாம்” என்றேன்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொல்வார்கள்.
கடல் கசக்கிக்கொண்டே இருக்கிறது, இரவும் பகலும்.
கட்டத்தான் ஆளில்லை.

லாபாடியில் கொட்டகை போட்டிருக்கும் அஜெலே
போன மாதம் வரிசை வரிசையாய் வந்து சொன்னாள்:
கிழிசலைக் கொடுங்கள், அரைத்து, அழுத்திப் பலகையாக்குகிறேன்,
கிலோவுக்கு அரை சேடி.
ஆனால் கடல் தொட்ட துணி வேண்டாம்,
மணல் என் இயந்திரத்தின் பல்லை உடைக்கும்.
அதற்கு முன்னால் கொடுங்கள்.

அதற்கு முன்னால்.
சிரித்தேன் நான். சுமைகூலியே ஒரு சேடி ஆகும்,
கணக்கு உதைக்கிறதே அம்மா என்றேன்.
அந்தக் கணக்கில்
இருபது முழம் வலையை எழுதவில்லை.
நெத்திலி காணாத கால் கூடையை எழுதவில்லை.

கத்தியைத் தீட்ட அவன் எழுந்து போனான்.
குனிந்து, நூலைப் பல்லால் கடித்தேன்,
தைத்த அன்று கடித்த மாதிரியே.

நாளை மறுநாள் பொதி உடைப்பேன்.
அடியில் கிடப்பதைச் சுமந்துகொண்டு
மேமுனாத்து இந்த முறை லாபாடிக்குப் போவாள்,
கூலி என் கையிலிருந்து.
அது வியாழன்.

இன்று செவ்வாய்.
அவன் திரும்பி வந்து ஏதோ கேட்கிறான்.
தலையை மட்டும் ஆட்டுகிறேன்.
வாய்க்குள் சிவப்புப் பொத்தான்,
உப்புக் கரிக்கிறது.