இரண்டு லட்சத்துப் பதினேழாயிரம்

விளம்பரத்தில் ஓட்டக் கணக்கு இல்லை.
ஃபோனில் கேட்டேன். எண்ணைச் சொன்னார்,
பிறகு பேசாமல் இருந்தார்,
நான் வைத்துவிடுவேன் என்று.

இழுவைப் படகில் எஞ்சின் பார்க்கிறவன் நான்.
எங்களுக்குக் கிலோமீற்றர் கிடையாது, மணித்தியாலம்தான்.
நாற்பதாயிரம் மணித்தியாலம் ஓடிய கிழடு
கோதுமைக் கப்பலைச் சீனக்குடாவுக்குள் தள்ளிக்கொண்டு வரும்.
கட்டியே கிடந்த புதுப் படகு
முதல் நாளே சீல் கிழிந்து அழும்.
“ஞாயிறு வாறன்” என்றேன்.

நீர்கொழும்பு. மாமரத்துக்குக் கீழே
எண்பத்தேழாம் ஆண்டுப் போர்ஷே,
பப்பாளி நிறம், பொனற்றில் ஒரு பூனை.
பூனையை எழுப்பிப் பொனற்றைத் திறந்தால்
அங்கே எஞ்சின் இல்லை.
கோபித்துக்கொண்டு பின்னால் போய்க் குந்தியிருக்கிறது.
தண்ணீர் கேட்காது, அதற்குக் காற்றே போதும்.
பற்றரித் தட்டைச் சாவியால் தட்டினேன்.
டக், டக், டக்,
பொத்.
அந்தப் பொத்துக்கு நாலு லட்சம் குறைத்தார் அந்திராடி.

கந்தளாய்க்கு இந்தப் பக்கம் கிளட்ச் கேபிள் அறுந்தது.
மிச்சத் தூரம் லொறியில் ஏறி வந்தது, மாப்பிள்ளை மாதிரி.
சுகிர்தா வாசலில் நின்று பார்த்தாள்.
“வடிவுதான்.
மலையின் பேரிலேயே உவர் இருக்கு,
இங்க வச்சா தகரத்த வளர்க்கப் போறீங்க?”
உள்ளே போய் ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து
முதல் வரியில் லொறிக் கூலியை எழுதினாள்.

கிண்ணியா இல்முதீன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு
மேலே வராமலே சொன்னான்:
“இப்ப குடுத்தது கதவுக்குச் சல்லி.
காருக்கு இனித்தான்.”

செயின் டென்ஷனர் சிங்கப்பூரிலிருந்து
சுகிர்தாவின் மச்சாளுடைய சேலைக்குள் சுற்றி வந்தது.
பெற்றோல் குழாய் எல்லாம் புதிது.
ஹெட் போல்ட் ஒன்று
கழற்றும்போது துப்பாக்கிபோல வெடித்தது,
பக்கத்து வீட்டு றேடியோ நின்றுவிட்டது.
தரையில் காட்போட் விரித்து வைப்பேன்.
காலையில் ஒயில் சொட்டு விழுந்திருக்கும் இடத்தைப் பார்த்தே
எந்த மூட்டில் கசிவு என்று சொல்லுவேன்.
கடற்காற்றுக்காக வாரம் ஒருக்கா நல்ல தண்ணீரில்
வயிற்றைக் கழுவுகிறேன்.
என் முழங்கால் எனக்குச் செய்யாத மரியாதை.

பெற்றோலுக்கு வரிசையில் படுத்த அந்த வருஷம்
எட்டு மாதம் அசையாமல் நின்றது.
ஓடி உடைந்ததைவிட
நின்று உடைந்தது கூட.
நாலு பிரேக்கும் இறுகிப் போயின.
கொப்பியில் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு மை.

வாங்கிய நாளிலிருந்து ஓட்டக் கணக்கின் கடைசி எண் சுற்றுவதில்லை.
உள்ளே பயற்றங்கொட்டை அளவில் ஒரு பல்சக்கரம்,
பல் போய்விட்டது.
போன மாதம்
பழைய பிரிண்டரிலிருந்து ஒன்றை எடுத்து
இரண்டு இரவு அரம் போட்டுப் பொருத்தினேன்.
கோட்டைப் பக்கம் சோதனை ஓட்டம்.
நடுறோட்டில் மான்கள் படுத்திருந்தன.
ஹோன் அடிக்க மனமில்லை,
அவை எழும்பும்வரை எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
வீட்டுக்கு வரும்போது
இரண்டு, ஒன்று, ஏழு, ஆறு, பூச்சியம், நாலு.

வியாழன் இரவு வேலை. கப்பல் பிந்திவிட்டது.
விடிய வந்து பார்க்கிறேன்:
இரண்டு, ஒன்று, ஏழு, ஆறு, மூன்று, ஆறு.

எஞ்சின் மூடி இன்னும் சுட்டது.
கிளட்ச் மிதியில் மணல்,
நிலாவெளி மணல், வெள்ளையாய், பொடியாய்.
ஸ்டியரிங் பக்கம் சீற் ஒரு சாண் முன்னுக்கு நகர்ந்திருந்தது.

அந்த எண் சுற்றாமல் கிடந்த காலத்தில்
நான் கடலில் நின்ற இரவுகளை எண்ணிப் பார்த்தேன்.
விட்டுவிட்டேன்.

அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.
காலில் செருப்பில்லை.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
ஒயில் பார்த்து கால் லீற்றர் ஊற்றினேன்,
எழுதக் கொப்பியைத் திறந்தேன்.
ஏற்கனவே அவள் கையெழுத்து:

பெற்றோல், முப்பத்திரண்டு கி.மீ.
மூன்றாம் கியர் இறுக்கம். பார்க்கவும்.