சனிக்கிழமைக் குழு

எங்கள் ஏழு பேரின் வயதையும் கூட்டினால்
ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
கணக்குப் போட்டவர் பச்சையப்பன்,
பினாங்குத் துறைமுகத்தில்
முப்பது வருடம் மூட்டை எண்ணியவர்.

ஜெலுத்தோங்கில் டெங்கி கண்ட மாதத்திலிருந்து
சனி காலை ஏழரைக்குக் கிளம்புகிறோம்.
டார்ச்லைட், வெள்ளைக் கரண்டி,
தாதியாய் இருந்த அருள்மேரியின் பூதக்கண்ணாடி.
மின்தூக்கி படுத்துவிட்ட புளோக்கில்
எட்டுப் படிக்கு ஒருமுறை நின்று
மழை வருமா என்று பேசுவோம்.
மூச்சு வாங்குவதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

பூந்தொட்டித் தட்டு, பழைய டயர்,
திருமதி கோ மூங்கில் வைத்திருக்கும் ஜாடி.
"நெளியுதா பார்" என்பார் பாக் ரொஸ்லி, தமிழிலேயே.
நெளிந்தால் கொட்டு.
கோப்பி கொடுத்தால்
மூன்று முறை வேண்டாம் சொல்லிவிட்டுக் குடி.

நேற்று ஒன்பதாம் மாடி. என் கதவு.
"நம்ம வீடுதானே, விடுங்க" என்றேன்.
பச்சையப்பன் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டார்.

அவள் படத்துக்கு முன்னால் கண்ணாடிக் குவளை.
பத்து மாதமாய்ப் பூவை மாற்றுகிறேன்,
தண்ணீர் குறைந்தால் மேலே ஊற்றுகிறேன்.
அருள்மேரி டார்ச் அடித்தார்.
காற்புள்ளி போல நான்கைந்து
மேலே வந்து மூச்செடுத்துக் கீழே போயின.

யாரும் என்னைப் பார்க்கவில்லை.
பாக் ரொஸ்லி குவளையை எடுத்துப் போய்
உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி
அதே செம்பருத்தியை
அதே பக்கம் சாய்த்து வைத்தார்.

நோட்டில் பச்சையப்பன் எழுதினார்:
ஒன்பதாம் மாடி, நான்காம் வீடு. ஒன்று.
அபராதம், ஏழு ரொட்டி சானாய்.
அருள்மேரிக்கு முட்டையோடு.